மெக்ஸிகோ நாட்டு மக்காச்சோள அடை

மக்காச்சோளம் பயிரிடும் அங்கத்தினர்களுள் பெரும்பாலோர் தம் விளைச்சலைக் கோழித் தீவனத்திற்கென்றே விற்றுவிடுகின்றனர். அதே தானியத்தை அன்றாட உணவாகக் கொண்டு பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வரும் நாடு மெக்ஸிகோ. அந்நாட்டார் இதனைக் கொண்டு செய்யும் பண்டங்கள் பல. அவற்றுள் 'கோர்திதா' என்னும் பூரண அடையை வீட்டில் செய்யும் வகையை இங்கு விளக்க எண்ணுகிறோம். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குக் 'குண்டுச் சிறுமி' என்பது பொருள். விரற்கடை கனத்திற்குத் தட்டி, வயிற்றைக் கீறிப் பூரணம் அடைத்து உண்பதைக் காண்போர்க்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றும்.

நாம் முதன்முறை செய்தபோது அடை அடையாக வரவில்லை. கடையில் வாங்கிய மக்காச்சோள மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து தட்டினோம். ஓரமெல்லாம் வெடித்தது, கல்லில் திருப்பும்போது இரண்டாக முறிந்தது, பூரணம் வைக்க இடமே இல்லை. கைப்பக்குவம் போதவில்லை என்று எண்ணி மறுநாளும் முயன்று, மறுநாளும் தோற்றோம். பிழை கையில் இல்லை, மாவில் இருந்தது என்பது பின்னரே விளங்கிற்று. அவ்வகை மாவில் ரொட்டி தட்டுவோர் உண்டு. ஆயினும் வயிறு கீறி அடைக்கும் அளவிற்கு அஃது இழுவை கொடாது.

மெக்ஸிகோவில் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, அந்நீரிலேயே இரவு முழுதும் ஊறவைத்து, பின்னர்க் கழுவி அரைக்கின்றனர். இவ்வாறு பக்குவம் செய்த தானியத்திற்கு 'நிக்ஸ்தமால்' என்று பெயர். அந்நாட்டுப் பழங்குடியினரின் நாவாத்தல் மொழியில் சாம்பலைக் குறிக்கும் சொல்லும், வெந்த மாவுப் பண்டத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து பிறந்த பெயர் அது. சுண்ணாம்பிற்குப் பதில் மரச் சாம்பலை இட்டவர்களும் உண்டு. சுண்ணாம்பின் காரமானது மணியின் தோலைப் பற்றியிருக்கும் பசைப்பொருளைக் கரைத்துத் தோலைக் கழற்றிவிடுகிறது. கரைந்த பசையே மாவிற்கு ஒட்டும் தன்மையைத் தருகிறது.

இதில் ருசியும் இழுவையும் மட்டுமே அடங்கியிருக்கவில்லை. மக்காச்சோளத்தில் நயாசின் என்னும் உயிர்ச்சத்து உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி உடலுக்குக் கிட்டாதபடி பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பு நீர் அப்பிணைப்பை அவிழ்க்கிறது. கொலம்பஸ் காலத்திற்குப் பின் ஐரோப்பியர் மக்காச்சோள விதையைக் கொண்டு சென்றனர். சுண்ணாம்புப் பக்குவத்தைக் கொண்டு செல்லவில்லை. விளைவு யாது? அதனையே பெரிதும் உண்ட ஏழைக் குடியானவர்களிடையே ஒரு கொடிய நோய் பரவிற்று. வெயில் பட்ட தோல் கறுத்துச் சொரசொரப்பாகி உரிந்தது, வயிற்றுப்போக்கு கண்டது, சித்தம் கலங்கி மாண்டவர் பலர். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசல் என்னும் மருத்துவர் 1735இல் இந்நோயைக் கண்டு குறித்தார். இத்தாலியில் 1771இல் இதற்குப் 'பெல்லாக்ரா' என்று பெயரிட்டனர். கரடுமுரடான தோல் என்பது பொருள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இஃது எண்ணற்றோரை வாட்டியது. கிருமியே காரணம் என்று பலர் நம்பிய காலத்தில், உணவுக் குறையே காரணம் என்பதை 1914 முதல் ஆராய்ந்து காட்டியவர் ஜோசப் கோல்ட்பர்கர். குறையாக இருந்த சத்து இன்னதென்பது 1937இல்தான் துலங்கியது. மெக்ஸிகோவின் குடியானவப் பெண்கள் காரணம் அறியாமலே அதனை நாள்தோறும் தம் அடுப்பில் நிறைவேற்றி வந்தனர்.

இனிச் செய்முறைக்கு வருவோம். முற்றி உலர்ந்த மக்காச்சோளம் 1 கிலோ. விதைக்கென மருந்து தடவிய மணிகளை எக்காரணம் கொண்டும் எடுக்கலாகாது. பூஞ்சணம் பிடித்தவற்றையும் தள்ளிவிடுக. தண்ணீர் 3 லிட்டர். உண்பதற்கென விற்கும் தூய நீற்றிய சுண்ணாம்புத் தூள் 10 கிராம். வெற்றிலைக்கு நாம் தடவுவதும் இப்பொருளே. ஆனால் மணமும் நிறமும் சேர்த்தது உதவாது. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்போ அறவே கூடாது. அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்துவிடும், எவர்சில்வர் நன்று. குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் தீங்கு.

சுண்ணாம்பை நீரில் கரைத்துச் சோளத்தை இட்டு, கொதி வந்தபின் அரைமணி முதல் முக்கால்மணி நேரம் மெல்லிய தீயில் வேகவிடுக. நிறம் மஞ்சளாகத் திரியும். ஒரு மணியை எடுத்து விரல்களிடையே தேய்த்தால் தோல் வழுக்கிக் கழல வேண்டும். கடித்துப் பார்த்தால் நடுவில் சிறிது வேகாத வெண்மை நிற்க வேண்டும். இறக்கி மூடி இரவு முழுதும் வைத்திருந்து, காலையில் அந்நீரைக் கொட்டிவிட்டு, தோல் நீங்குமாறு இரண்டு மூன்று முறை கழுவுக. பிறகு அரைத்தல். ஆட்டுரலில் இட்டால் நீரைத் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். தோசை மாவைப் போல் இளகிவிட்டால் அடை தட்ட வாராது.

இவ்வரைவைதான் முன்னாளில் பெண்களின் முதுகை ஒடித்தது. 'மெத்தாத்தே' எனப்படும் சாய்வான மூன்றுகால் அம்மியின் முன் மண்டியிட்டு நாளில் பல மணி நேரம் அரைப்பார்கள். லாஸரோ கார்தெனாஸ் ஜனாதிபதியாக இருந்த 1934–1940 காலத்தில் கிராமப் பெண்கள் சங்கங்கள் அரைவை இயந்திரம் வேண்டி அரசாங்கத்திற்கு மனுச் செய்தன. பல சங்கங்கள் பெற்றன. பெற்ற பின்னர், அதனை நிர்வகிப்பவர் யார், வருமானம் யாரைச் சேரும் என்று வழக்குகளும் எழுந்தன. சங்கக் கணக்குகளைப் பார்த்துப் பழகிய நமக்கு அஃதொன்றும் புதுமையாகத் தோன்றவில்லை. பக்குவம் செய்து உலர்த்திய மாவைத் தொழிற்சாலையில் செய்து விற்பது 1949இல் வட மெக்ஸிகோவின் செர்ரால்வோ ஊரில் தொடங்கிற்று. 'மாஸா ஹரினா' எனப்படும் அம்மாவு கிடைக்குமாயின், வெதுவெதுப்பான நீரும் உப்பும் சேர்த்துப் பிசைந்து அரைமணி மூடிவைத்தால் போதும். மணம் சற்றுக் குறைவே.

மாவை எலுமிச்சை அளவிற்குச் சற்றுப் பெரிதாக உருட்டி உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடித்தால் நீர் போதாது. கையில் ஒட்டினால் நீர் மிகுதி. உள்ளங்கை அகலத்திற்கு, ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, எண்ணெயிடாத தோசைக்கல்லில் நடுத்தரத் தீயில் பக்கத்திற்கு மூன்று நான்கு நிமிஷம் சுடுக. புள்ளி புள்ளியாய்ச் சிவந்து இலேசாக உப்பும். சூடு சற்று ஆறியதும் ஓரத்தில் கத்தியால் பாதிச் சுற்று கீறினால் சுருக்குப் பையைப் போல் வாய் திறக்கும். ஆவி அடங்குமுன் கீறினால் உள்மாவு பிசுபிசுத்துக் கத்தியோடு வந்துவிடும்.

பூரணம் ஊருக்கு ஊர் வேறுபடும். வெங்காயத்தோடு வதக்கி மசித்த பீன்ஸ் விதை, சுட்டுத் தோலுரித்த பச்சை மிளகாய்க் கீற்றுகளும் பாலாடைக் கட்டியும், முள் நீக்கி நறுக்கிய சப்பாத்திக் கள்ளி மடல், மிளகாய்ச் சாந்தில் வெந்த இறைச்சி ஆகியவை பலவிடத்தும் உண்டு. கேரேத்தரோ நகரில் பன்றி வறுவலின் துணுக்குகளை மாவிலேயே கலந்து பிசைவார்கள். மரக்கறி உண்போர்க்குக் காராமணியைப் பீன்ஸைப் போலவே வதக்கி மசித்து அடைத்தால் நன்றாய் இருப்பதைக் கண்டோம். மேலே, தீயில் சுட்ட தக்காளியும் மிளகாயும் உப்பும் சேர்த்து நசுக்கிய துவையல் ஒரு கரண்டி.

ஈர மாவு மறுநாளைக்கு நில்லாது, புளித்துவிடும். மிகுந்தால் அன்றிரவே மெல்லியதாகத் தட்டிச் சுட்டு வைத்துக்கொள்க. மறுநாள் காலை அவற்றைக் கிழித்து எண்ணெயில் பொரித்து, மிஞ்சிய தக்காளித் துவையலில் புரட்டி உண்பது அந்நாட்டு வழக்கம்.