பேக்கப் நேரத்தில் சர்வர் படுத்துக்கொள்வது ஏன்?

டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் முதலில் போய் நிற்கப்போவது ஒரு கப்பல் ஏஜென்சியிலோ, கிளியரிங் ஆபீசிலோ, உப்புக் கம்பெனியிலோதான். அங்கே ஒரு மூலையில் ஃபைல் சர்வர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பகல் முழுக்க ஒழுங்காக வேலை செய்யும். ராத்திரி பேக்கப் தொடங்கினால் மட்டும் பாதியில் தொங்கிவிடும், இல்லாவிட்டால் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடும். காலையில் வரும் மேனேஜர் என்ன சொல்வார்? "தம்பி, எல்லாம் இந்த பேக்கப்பால வந்த வம்பு. அதை நிறுத்திப் போடுங்க." நிறுத்தியதும் சர்வர் சமர்த்தாக ஓடும். எல்லோருக்கும் சந்தோஷம். இந்தச் சந்தோஷம்தான் ஆபத்தானது.

ஏன் என்று பார்ப்போம். சர்வரில் லட்சக்கணக்கான ஃபைல்கள் இருந்தாலும் பகலில் ஊழியர்கள் திறப்பது சில நூறுதான். அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே மெமரியில் இருக்கும். பேக்கப்புக்கோ முதல் ஃபைல் முதல் கடைசி ஃபைல் வரை எல்லாமே வேண்டும். ஐந்து வருஷமாக யாரும் தொடாத பழைய பில் ஆஃப் லேடிங்கைக் கூடப் படித்தாக வேண்டும். அந்தச் சில மணி நேரம் டிஸ்க், கண்ட்ரோலர், ராம், பவர் சப்ளை எல்லாம் ஒரே சமயத்தில் முழு மூச்சாக உழைக்கின்றன. ஏற்கெனவே நொந்து போயிருக்கும் பாகம் அப்போதுதான் கை விடும். பேக்கப் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

எனவே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் ஒரு நோட்டை எடுங்கள். மூன்று ராத்திரிக்கு இரண்டு விஷயங்களை எழுதுங்கள்: சர்வர் நின்ற மணி, பேக்கப் லாகில் கடைசியாகப் பதிவான ஃபைல். என்னைக் கேட்டால் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடுகிறது.

மூன்று நாளும் அதே ஃபைலருகே நின்றால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். விண்டோஸ் என்றால் ஈவென்ட் வியூவரில் 'பேட் பிளாக்' என்று 7-ஆம் எண் பதிவு இருக்கிறதா பாருங்கள். லினக்ஸில் 'டிமெசேஜ்' கட்டளை காட்டும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். ஒரு நிமிஷம் கூட ஆகலாம். சர்வருக்கென்று செய்த டிஸ்க் சுமார் 7 வினாடியில் 'முடியவில்லை' என்று சொல்லிவிடும். காசு மிச்சம் என்று ரெய்டு கண்ட்ரோலரில் டெஸ்க்டாப் டிஸ்க்கை மாட்டினால், பதில் வரவில்லையே என்று கண்ட்ரோலர் அந்த டிஸ்க்கையே கழற்றி ஓரம் வைத்துவிடும். ரெய்டு 5-இல் ஒன்று போனால் சமாளிக்கலாம். அடுத்ததும் போனால் மொத்தமும் போச்சு!

ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஃபைலில், வேறு வேறு நேரத்தில் நின்றால் சூடு, ராம், கரண்ட் மூன்றையும் பாருங்கள். ஆபீஸ் பூட்டும்போது ஏ.சி.யையும் அணைத்துவிட்டுப் போகிறார்கள். பேக்கப்போ ராத்திரி இரண்டு மணிக்கு. நம் ஊர் உப்புக் காற்று வேறு. ஃபேனில் தூசியும் ஈரமும் சேர்ந்து அப்பிக்கொள்ளும், ராம் கான்டாக்ட்டுகள் கறுத்துவிடும். பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டினாலே சில சர்வர்கள் பிழைத்துக்கொள்ளும். பிறகு மெம்டெஸ்ட் புரோகிராமை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். யு.பி.எஸ். பாட்டரி எத்தனை வருஷப் பழசு என்றும் கேளுங்கள்.

தினமும் அதே மணிக்கு நின்றால் அந்த நேரத்தில் வேறு ஏதோ வேலையும் ஓடுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் ஆன்ட்டி வைரஸ். இரண்டும் ஒரே ஃபைலைப் பிடித்து இழுத்தால் சர்வர் திணறாமல் என்ன செய்யும்? நேரத்தை மாற்றி வையுங்கள். 1990-களில் நோவெல் நெட்வேர் 3 வைத்திருந்த அண்ணன்மாரைக் கேட்டால் 'ஏபெண்ட்' என்ற சொல்லைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் பேக்கப் மாட்யூலும் சர்வரும் ஒரே மெமரியில் தடுப்பில்லாமல் ஓடின. மாட்யூல் தடுக்கி விழுந்தால் சர்வரையும் இழுத்துக்கொண்டு விழும்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடவில்லையா? படிப்பதையும் எழுதுவதையும் பிரித்துப் பாருங்கள். எங்கும் எழுதாமல் படிக்க மட்டும் செய்தாலே சர்வர் விழுந்தால், பேக்கப் டிஸ்க்கின் மேல் குற்றமில்லை. லினக்ஸில் இதற்கு 'டார்' கட்டளையை நேராக 'டெவ் நல்'லுக்கு அனுப்பாதீர்கள். குனூ டார் கெட்டிக்காரத்தனமாக அதைக் கண்டுபிடித்து ஃபைலைப் படிக்காமலேயே 'முடிந்தது' என்றுவிடும். நடுவில் 'கேட்' கட்டளையைப் பைப்பில் போட்டு அனுப்பவேண்டும்.

பேக்கப் மேலேயே குற்றம் இருந்ததும் உண்டு. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், ஓடிக்கொண்டிருந்த பேக்கப் ஸ்கிரிப்டை அப்படியே மாற்றி எழுதிவிட்டார்கள். பழைய லாக் ஃபைல்களை அழிக்க வேண்டிய வரி ஆராய்ச்சி ஃபைல்களை அழித்தது. சுமார் 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள்! ஓடுகிற ஸ்கிரிப்டைத் தொடவே கூடாது, நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

காப்பி இல்லாத நாட்களுக்கு என்ன விலை என்பதற்கு எதிர்க்கரையைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் கிளவுட் சர்வர்களை ரான்சம்வேர் தாக்கியது. ஆன்லைனில் இருந்த பேக்கப்பும் சேர்ந்து போனது. சுமார் 5,000 அரசு முகவரிகளின் ஈமெயில்களில் மே 17 முதல் அன்று வரையிலானவை திரும்பவில்லை. மேனேஜர் பேக்கப்பை நிறுத்தச் சொன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சர்வர் அறையிலேயே பேக்கப் டிஸ்க்கை வைப்பதும் பாதி வேலைதான். அதே வருஷம் டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது நமக்குத் தெரியும். தரைத்தள அறைக்குள் தண்ணீர் வந்தால் சர்வரும் டிஸ்க்கும் ஒன்றாகத்தான் மிதக்கும். ஒரு காப்பி மாடியில், ஒன்று வேறு தெருவில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து நாலு ஃபைலை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, அக்கவுண்ட்ஸ் அண்ணாச்சியையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.