உருட்டுகோலின் விலையும் பயனும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லைக் கிராமங்களில் ரப்பர் பால் வெட்டும் தொழிலை அறியாதார் இலர். கத்தி பட்டையில் அளவுக்கு மேல் ஆழ்ந்தால் மரத்தின் வளர்படை புண்படும். மேலோட்டமாகச் சென்றால் பால் குறையும். ஆதலின் கூர்மையை நெடுநேரம் தாங்கும் எஃகிற்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமே. கைப்பிடியின் பளபளப்பிற்குக் கொடுப்பது வீண். கருவியின் எப்பகுதி வேலையைச் செய்கிறதோ அப்பகுதிக்கே பணம் தகும்.

இந்நியதியை வேறொரு கருவிக்குப் பொருத்திப் பார்ப்போம். இக்கிராமங்களிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திருவனந்தபுரம் கவடியாரில் கோல்ஃப் மைதானம் ஒன்று உண்டு. அவ்விளையாட்டில் பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் வீழ்த்தும் கோலைப் 'பட்டர்' என்பர். நாம் உருட்டுகோல் எனலாம். இது சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேலும் விற்கிறது. இவ்வளவு வேறுபாடு தகுமா?

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். 3 மீட்டர் தொலைவிலிருந்து உருளும் பந்து, நேர்கோட்டிலிருந்து சுமார் 1 பாகைக்கு மேல் விலகினால் குழியைத் தவறவிடும். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது, மோதும் கணத்தில் கோலின் முகம் நோக்கும் திசையே. பந்து முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால், கோலின் தலை சிறிது திரும்பிவிடும். பந்தின் வேகமும் குன்றும்.

இக்குறைக்குப் பரிகாரம் கண்டவர்களுள் முதன்மையானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய இப்பொறியியலாளர், தலையின் எடையை நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் ஒதுக்கி, 1959இல் தம் முதல் உருட்டுகோலைச் செய்தார். எடை மாறாமலே, அச்சிலிருந்து அதன் தொலைவு இருமடங்கானால் நிலைமத் திருப்புத்திறன் நான்கு மடங்காகும். அத்தகைய தலை எளிதில் திரும்பாது.

ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே காட்டலாம். ஓர் அடிக்கோலின் நடுவில் இரு நாணயக் கட்டுகளைப் பொருத்தி, நடுவைப் பிடித்து இடமும் வலமும் விரைவாகத் திருப்பச் செய்க. பின்னர் அக்கட்டுகளை முனைகளுக்கு நகர்த்தி மீண்டும் திருப்பச் செய்க. எடை ஒன்றே, எனினும் எதிர்ப்பு மிகுவதை மாணவரின் கையே உணரும்.

இவ்வமைப்பு இன்று குறைந்த விலைக் கோல்களிலும் உண்டு. வார்ப்பு முறையிலேயே இதனை உண்டாக்கிவிடலாம். உயர்விலைக் கோல்கள் பலவற்றின் தலை, ஒரே உலோகக் கட்டியிலிருந்து யந்திரத்தால் செதுக்கப்படுகிறது. யந்திர நேரம், மெருகு, பெயர் ஆகியவையே விலையை உயர்த்துகின்றன. மோதும் ஒலியும் கையில் படும் உணர்வும் சிலருக்கு இனியனவாகலாம். ஆனால் முகம் 1 பாகை பிசகியிருந்தால் எவ்வுலோகமும் பந்தைத் திருத்தாது.

எனவே வாங்குவோர் எடைப் பங்கீட்டையும், தம் உயரத்திற்கேற்ற நீளத்தையும் கவனித்தல் போதும். மிஞ்சும் பணம் பயிற்சிக்கு உதவட்டும். டில்லியில் பிறர் கோல்களைச் சுமக்கும் பணியில் தொடங்கிய அலி ஷேர், 1991இல் இந்திய ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரானார். விலைச்சீட்டைக் கண்டு ஒதுங்க நினைக்கும் கிராமத்து மாணவனுக்கு இச்செய்தியை எடுத்துரைப்பது நம் கடமை.