உங்களுக்குத் தெரியுமா? மாடு செத்தால் அரசு என்ன தரும்?

அமெரிக்காவில் புயலிலோ கடுங்குளிரிலோ மாடு செத்தால், அதன் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதத்தை அரசு தருகிறது. செத்த எல்லா மாட்டுக்கும் கிடைக்காது. எந்த மந்தையிலும் ஆண்டுக்குச் சில மாடுகள் எப்படியும் சாகும்; அந்த வழக்கமான சாவைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு. 200 மாடு உள்ள மந்தையில் வழக்கமான சாவு 2 சதவீதம் என்று வைத்தால், முதல் நான்கு மாடுகளின் நஷ்டம் வளர்த்தவருக்கே.

மாடு மட்டுமல்ல, கலைமான், தீக்கோழி, ஈமு, லாமாவும் பட்டியலில் உண்டு. தேனீக்கும் பண்ணை மீனுக்கும் தனித் திட்டம்.

ஓநாய் அடித்தாலும் இழப்பீடு உண்டு. அரசே காட்டில் கொண்டுவந்து விட்ட விலங்காகவோ, மத்தியச் சட்டம் பாதுகாக்கும் விலங்காகவோ அது இருக்க வேண்டும். 2025 ஜூலையில் வந்த சட்டம் இந்த இழப்புக்கு முழுச் சந்தை விலையையும் தரச் சொல்கிறது. செத்த சினை மாட்டின் வயிற்றிலிருந்த கன்றுக்கும் தொகை உண்டு என்றது. நியாயமான திருத்தம்.

இந்த இழப்பீட்டுத் திட்டம் ஒருமுறை கைகொடுக்கவும் தவறியது. 2013 அக்டோபர் முதல் வாரத்தில் தெற்கு டகோட்டாவில் முதலில் மழை கொட்டியது, பின்னாலேயே பனிப்புயல். குளிர்கால ரோமம் அடர்வதற்கு முன்பே, நனைந்த உடம்போடு திறந்த மேய்ச்சல் வெளியில் சிக்கிய மாடுகள் பல்லாயிரக்கணக்கில் செத்தன. அதே நாட்களில் பட்ஜெட் இழுபறியால் மத்திய அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. நஷ்டத்தைப் பதிவு செய்யக்கூட ஆள் இல்லை. பதிவு செய்திருந்தாலும் பயனில்லை: இழப்பீட்டுத் திட்டமே 2011 செப்டம்பரோடு காலாவதியாகியிருந்தது. செத்த மாடுகளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் மாடு வளர்த்தவர்களுக்குக் கிடைத்த ஆலோசனை. தலைமுறைகளாகப் பேணிய மந்தையை இழந்தவர்களிடம் சொல்ல வேறொன்றும் இல்லாமல் போனது பெரிய கொடுமை. 2014 பிப்ரவரியில்தான் புதிய வேளாண் சட்டம் வந்தது. 2011 அக்டோபரிலிருந்து முன்தேதியிட்டுப் பணம் தந்ததோடு, திட்டத்தை நிரந்தரமாகவும் ஆக்கியது.

வறட்சிக்கு வழி இன்னும் தெளிவு. நெப்ராஸ்கா பல்கலைக்கழக மையமும் மத்திய அரசு அமைப்புகளும் சேர்ந்து 1999 முதல் ஒரு வறட்சி வரைபடம் தயாரிக்கின்றன. வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியாகும். மேய்ச்சல் பருவத்தில் ஒரு கவுண்டியின் (அங்குள்ள மாவட்டம்) எந்தப் பகுதியிலாவது ‘கடும் வறட்சி’ தொடர்ந்து 8 வாரம் நீடித்தால் தீவன உதவிக்குத் தகுதி என்பது முந்தைய விதி. 2025 சட்டம் அதை 4 வாரமாகக் குறைத்தது. யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நிவாரணம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பயிருக்கு அந்த வேகம் இல்லை. 2023, 2024 பேரிடர்களுக்குச் சுமார் 2,000 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியது 2024 டிசம்பரில். பயிர் இழப்புக்கான விண்ணப்பம் தொடங்கியது 2025 ஜூலையில். முதல் தவணையாகக் கணக்கிட்ட தொகையில் 35 சதவீதமே கிடைத்தது. 2023-இல் பயிர் கருகியவர் அடுத்த இரண்டு விதைப்புகளையும் கடனில் செய்திருப்பார். பணம் வாங்கியவர் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குப் பயிர்க் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்றும் நிபந்தனை.

ஒருகாலத்தில் அரசு உதவுவதே சரியா என்ற கேள்வி இருந்தது. 1887-இல் டெக்சாஸில் வறட்சி. விதை வாங்க 10,000 டாலர் தரும் மசோதாவைக் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லேண்ட் நிராகரித்தார். அது அரசின் வேலை அல்ல என்பது அவர் கருத்து. 1934 வறட்சியில் நிலைமை தலைகீழ். தீவனமில்லாத மாடுகளை அரசே விலை கொடுத்து வாங்கியது. உண்ணத் தகுந்தவை ஏழைகளுக்கு இறைச்சியாகப் போயின. மற்றவை அங்கேயே கொல்லப்பட்டன.

இன்று விவசாயிகள் வாங்கும் இந்த நிவாரணத்துக்கும் வருமான வரி உண்டு. பயிர் இழப்புக்கு வந்த தொகையை, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அடுத்த ஆண்டு வருமானமாகக் காட்டிக்கொள்ளலாம்.