ஆற்றின் தலைமாட்டில் ஆதிமனிதன்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை வட்டைகளுக்குப் பாயும் தண்ணீர் இங்கினியாகலை அணையில் தேங்கி, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி வருகிறது. அணைக்கு மேலேயும் அந்த ஆற்றுக்கு நெடுந்தூரம் இருக்கிறது. மடுல்சீமை மலையில் பிறக்கும் பட்டிப்பளை ஆறு நில்கலைக் காட்டை ஊடறுத்துத்தான் நம் பக்கம் வருகிறது. அந்தக் காட்டுக் குகையொன்றில், 1907ஆம் ஆண்டு, சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வாளர்களான போல் சரசினும் பிரிட்ஸ் சரசினும் தரை மண்ணைத் தோண்டினார்கள். உள்ளே இருந்து வந்தவை மனிதக் கை உடைத்துக் கூராக்கிய படிகக்கல் சில்லுகள்.

இலங்கையில் கற்காலம் என்று ஒன்று இருந்ததா என்பதே அன்று சந்தேகம். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 1885இலேயே இப்படியான சில்லுகள் பொறுக்கப்பட்டிருந்தன. அவை மனிதன் செய்தவையா, தானாக உடைந்தவையா என்ற வாதம் நீண்டுகொண்டே போனது. குகை மண்ணுக்குள் புதைந்து கிடந்தவற்றைக் கண்ட பிறகுதான் அது ஓய்ந்தது. அடுத்த ஆண்டு மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் அதே காட்டு வேடர்களிடையே தங்கி ஆராய்ந்தார்கள். அவர்களின் நூல் 1911இல் வெளிவந்தது. நமக்குச் சோறு போடும் ஆறு, இந்தத் தீவின் மனித வரலாற்றில் இப்படியொரு இடத்தைப் பிடித்திருக்கிறது. நம் பிள்ளைகள் இதை அறியாமல் வளர்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

நில்கலைக்குப் பிறகு தேடல் ஈரவலயக் குகைகளுக்கு நகர்ந்தது. குருவிட்டவுக்கு அருகே பட்டதொம்பலென, கித்துல்கலையில் பெலிலென, புளத்சிங்களவுக்கு அருகே பாஹியன்கலை. தேசிய நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல இந்த ஆதிகுடிகளுக்கு 'பலாங்கொடை மனிதன்' என்று பெயரிட்டார். அவருடைய மகன் சிரான் தெரணியகல குகைகளின் மண் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காலம் கணித்து, 1992இல் பெருநூலாக எழுதினார். தந்தையும் மகனும் ஆளுக்கோர் ஆயுளை இதற்கே கொடுத்தார்கள்.

அண்மையில் பாஹியன்கலையிலிருந்து வந்த செய்திதான் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆபிரிக்காவிலிருந்து வெளியேறிய நம் இனம் புல்வெளிகளையும் கடற்கரைகளையும் பிடித்துக்கொண்டே பரவியது, மழைக்காடு அதற்கு ஒத்துவராத இடம் என்றுதான் ஆய்வாளர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். உண்மையில் அடர்காட்டில் வாழ்வது இலகுவான காரியம் இல்லை. பெரிய விலங்குகள் குறைவு. இருப்பவை மரத்தின் உச்சியில். காய்களிலும் கிழங்குகளிலும் பல நஞ்சுள்ளவை. அப்படிப்பட்ட காட்டுக்குள் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் குடியிருந்து, செங்குரங்கையும் மந்தியையும் மலையணிலையும் வேட்டையாடி உண்டார்கள் என்று ஓஷான் வெதகேயும் பற்றிக் றொபேர்ட்ஸும் அடங்கிய குழு 2019இல் நிறுவியது. எலும்புத் துண்டுகள் மட்டும் பதினாலாயிரத்துக்கு மேல். பெரும்பாலானவை நன்கு வளர்ந்த விலங்குகளுடையவை. குட்டிகளை விட்டுவைக்கத் தெரிந்த வேட்டைக்காரர்கள் என்றே நான் இதை வாசிக்கிறேன்.

கிளைக்குக் கிளை பாயும் குரங்கைத் தரையில் நின்றபடி எப்படி வீழ்த்துவது? விடை 2020இல் வெளியான ஆய்வில் கிடைத்தது. அதே பாஹியன்கலைக் குகையிலிருந்து எடுத்த 130 எலும்பு முனைகளின் தேய்மானத்தையும் முறிவையும் ஆராய்ந்தபோது, பல அம்பு முனைகள் என்று தெரிந்தது. அவற்றில் பல குரங்கெலும்பிலேயே செதுக்கப்பட்டவை. ஆக, 48,000 ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீவில் வில் இருந்தது. அதற்கும் முன், 2015இல், பல குகைகளைச் சேர்ந்த 26 பேரின் பற்களின் வேதியியலை ஆராய்ந்ததில் அவர்கள் ஆண்டு முழுவதும் காட்டுணவையே நம்பி வாழ்ந்தது தெரியவந்திருந்தது. காட்டு ஈரப்பலாவும் கெக்குணக் கொட்டையும் நத்தையும் அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு.

இந்த மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால் கதை மிகப் பின்னால் போகும். எதியோப்பியாவில் 1974இல் எலும்புக்கூடாகக் கிடைத்த 'லூசி' 32 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு கால்களில் நடந்தவள், மூளையோ சிறியது. மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்த மூன்று இலட்சம் ஆண்டு மண்டையோடுகளில் நம் முகம் தெரிகிறது. சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் 15 இலட்சம் ஆண்டுப் பழமையான கைக்கோடரிகளை சாந்தி பப்புவின் குழு எடுத்திருக்கிறது. அவற்றைச் செய்தவர்கள் நம் இனம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு வாழ்ந்தவர்கள். படத்தில் போடுவதுபோல் குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாவது நடந்த கதை இல்லை. நடந்தது நம் வட்டை வாய்க்கால் மாதிரி: தலைவாய்க்கால் கிளை கிளையாகப் பிரிந்து, சில கிளைகள் வற்றி, சில கீழே வந்து மறுபடி கலந்துவிட்டன. நியண்டர்தால் மனிதர் அழிந்தார்கள். ஆனால் ஆபிரிக்காவுக்கு வெளியே பரவியவர்களின் மரபணுவில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு அவர்களுடையது. பழைய எலும்பிலிருந்து அந்த மரபணுவை வாசித்த ஸ்வாந்தே பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்மூரில் இந்தப் பேச்சை எடுத்தாலே, "அப்ப நாம குரங்குல இருந்தா வந்தோம்?" என்று கேள்வி வரும். இன்றைய குரங்கிலிருந்து மனிதன் வந்ததாக எந்த ஆய்வாளரும் சொல்வதில்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான முன்னோர் அறுபது, எழுபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தன என்றுதான் சொல்கிறார்கள். ஆதம் (அலை) அவர்களைப் பற்றிய நம் ஈமான் ஆழமானது. அதை யாரும் பறிக்கப் போவதில்லை. கேள்வி கேட்கும் துணிவும் நம் மரபில் உண்டு. இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் கனிமம், தாவரம், விலங்கு என்று படைப்பை அடுக்கி, குரங்குகளுக்கு அடுத்த படியில் மனிதனை வைத்தார். அதை டார்வினின் கொள்கை என்று சொல்ல முடியாதுதான். என்றாலும் உலகைக் கூர்ந்து பார்த்து அஞ்சாமல் எழுதிய ஓர் ஆலிமின் பார்வை அது.

கடற்கரைக்காரர்களாகிய நமக்கு நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. பாஹியன்கலையிலும் பட்டதொம்பலெனவிலும் கடற்சிப்பியில் துளையிட்ட மணிகள் கிடைத்திருக்கின்றன. கடலோ அக்குகைகளிலிருந்து பல கிலோமீற்றர் தள்ளி. யாரோ கரையில் பொறுக்கியதை யாரோ காட்டுக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள், கை மாறியோ தாங்களே நடந்தோ. கரையில் வாழ்ந்தவர்களின் சுவடு அரிதாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்திலிருந்து 120 மீற்றர் அளவு கீழே இருந்தது. அன்றைய கரை இன்று நம் மீனவர்களின் தோணிகளுக்கு அடியில்.

இதையெல்லாம் வலியுறுத்தி எழுத ஒரு காரணம் உண்டு. அம்பாறை மாவட்டத்தில் 'தொல்பொருள்' என்றாலே வயற்காணி போய்விடுமோ என்ற பயம் வருகிறது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, முதற்பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அந்தக் காயம் நியாயமானது. ஆனால் 'யார் முதலில் வந்தவர்' என்று இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளை வைத்து நடக்கும் வழக்கு, 48,000 ஆண்டுகளுக்கு முன் நிற்காது. பாஹியன்கலையில் குரங்கு வேட்டையாடியவர் சிங்களவரும் இல்லை, தமிழரும் இல்லை, சோனகரும் இல்லை. அவர்களுக்கு மிக நெருங்கியவர்களாகக் கருதப்படும் வேடர்கள் இன்றும் ரதுகலையிலும் நம் மாவட்டத்துப் பொல்லேபெத்தையிலும் வாழ்கிறார்கள். இங்கினியாகலை அணையைக் கட்டிய கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியபோது காட்டை இழந்தவர்களில் அவர்களும் உண்டு. அந்த அணைத் தண்ணீரில் இருபோகம் விதைக்கும் நாம் இதைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

பயத்தால் ஒதுங்கி நின்றால் இந்தத் துறை பிறர் கையிலேயே இருக்கும். பாணமைக்குத் தெற்கே குடும்பிகலவிலும், அம்பாறைக்கு அப்பால் இராஜகலவிலும் பழைய குகைகள் இருக்கின்றன. அவற்றில் துறவிகள் தங்கியது கல்வெட்டுக்காலத்துச் செய்தி. அதற்குக் கீழே உள்ள மண்ணையும் அவசரமின்றி, அடுக்கடுக்காக, தூரிகையால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒலுவில் பல்கலைக்கழகத்திலிருந்தும், அக்கரைப்பற்று, பொத்துவில் பாடசாலைகளிலிருந்தும் போகும் பிள்ளைகள் அந்தக் குழிகளில் இறங்கி, மண் அரித்து, எலும்பு பிரித்து, கண்டதைத் தங்கள் கையாலேயே தமிழில் பதிவு செய்யட்டும்.