ஐராவதி நதியும் நீராவிக் கப்பலும்

போக்குவரத்து வசதி பெருகிவிட்டால் விவசாயிக்கு வாழ்வு தானே வந்துவிடும் என்று அழகர்கோவில் வட்டாரத்துச் சங்கங்களில் சிலர் நம்மிடம் கூறுவதுண்டு. அஃது எவ்வளவு உண்மை என்பதற்கு, தமிழர் பலர் பிழைப்பு நாடிச் சென்ற பர்மாவின் ஐராவதி நதி தக்க சான்றாகும்.

அந்நதியில் முதன்முதலில் ஓடிய நீராவிக் கப்பல் 'டயானா'. கல்கத்தாவை அடுத்த கிதர்பூரில் 1823-இல் கட்டப்பெற்ற அது, மறு ஆண்டு மூண்ட முதல் பர்மா யுத்தத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. பாய்க்கப்பல்கள் காற்றின்றி எதிர்நீரோட்டத்தில் தயங்கி நிற்க, டயானாவோ ஆவியின் வலிமையால் சக்கரங்களைச் சுழற்றி மேல்நோக்கிச் சென்றது. பாய்க்கப்பல்களையும் இழுத்துச் சென்றது.

1852-இல் நிகழ்ந்த யுத்தத்தால் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் அரசாங்கக் கப்பல்கள் தனியாருக்கு விற்கப்பட்டு, 1865-இல் ஐராவதி புளோட்டில்லா கம்பெனி தோன்றியது. ஆழமற்ற இடங்களில் தரை தட்டாதிருக்கும்பொருட்டு, அதன் கப்பல்கள் நீரில் சில அடியே அமிழுமாறு அமைக்கப்பட்டன. சரக்கேற்றிய தட்டைப் படகுகளைப் பக்கங்களில் பிணைத்துக் கொண்டு அவை சென்றன. 1920-களில் அக்கம்பெனிக்கு 600-க்கு மேற்பட்ட கலங்கள் இருந்தன.

1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. 1850-களில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாயிருந்த கீழ்ப்பர்மா நெற்பரப்பு, 1930-களில் எண்பது லட்சம் ஏக்கரைக் கடந்தது.

ஆயின், காடு திருத்திய விவசாயிக்குக் கைமுதல் இல்லை. செட்டிநாட்டு நகரத்தார் கடன் அளித்தனர். கூட்டுறவு நாணயச் சங்கங்களும் தோன்றின. எனினும் தவணை வசூல் தளர்ந்தமையால், பல சங்கங்கள் விலைவீழ்ச்சிக்கு முன்னரே நொடித்தன. 1930-இல் நெல் விலை சரிந்தது. அவ்வாண்டில் முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கே நகரத்தார் வசமிருந்தது. 1937-இல் அது 25 பங்காயிற்று. நிலத்தையன்றிப் பணத்தையே அவர்கள் விரும்பினர்; எனினும் கடனுக்கு ஈடாக நிலமே மிஞ்சியது. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது, கப்பல்கள் பகைவர் கையில் சிக்காதிருக்கக் கம்பெனியாரே பெரும்பாலானவற்றை ஆற்றில் மூழ்கடித்தனர். நகரத்தாரும் நிலங்களை விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது.

கப்பல் நெல்லைச் சுமந்தது; விவசாயியின் கடனை அது சுமக்கவில்லை. சாலையும் லாரியும் நமக்குத் தேவையே. அவற்றோடு, தவணை தவறாது செலுத்துதலும், விளைபொருளையும் நெய்த துணியையும் சங்கத்தின் வழியே விற்றலும் அங்கத்தினர் கடமையாகும். சங்கம் நிலைத்தாலன்றி, நிலமும் தறியும் நம்முடையனவாக நிலைத்தல் அரிது.