இலை கற்றுத்தரும் துளைக்கணக்கு

கிழக்குத் தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் குடிவந்த வளாகத்தில் புதர்க்காடு இன்னும் தழைத்திருக்கிறது. அங்குள்ள ஓர் இலையை நுண்ணோக்கியில் வைத்தால் தெரிவது துளைகள்தான். தோலில் காற்று நுழையும் இலைத்துளைகள், உள்ளே இடைவெளி விட்டு அமைந்த பஞ்சுத்திசு, அதன் ஊடே கிளைத்துக் கிளைத்து மெலியும் நரம்புகள். இந்த நரம்புகளில் வரும் நீரைத்தான், பச்சையம் வாங்கும் வெயிலைக் கொண்டு இலை பிளக்கிறது.

ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் அதையே ஆய்வகத்தில் செய்துகாட்டினார்கள். வெள்ளைப் பெயின்ட்டில் கலக்கும் டைட்டானியம் டை ஆக்சைடில் ஒளி பாய்ச்சி, நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தார்கள். ஆனால் அந்தப் பொருள் புறஊதாக் கதிரை மட்டுமே ஏற்கும். கண்ணுக்குத் தெரியும் வெயில் முழுக்க வீண்.

2010-இல் ஷாங்காய் ஆய்வாளர்கள் இலையையே அச்சாக்கினார்கள். அதை அமிலத்தில் ஊறவைத்துப் பச்சையத்தின் நடுவிலுள்ள மெக்னீசியத்தை நீக்கி, அந்த இடத்தில் டைட்டானியத்தை ஏற்றி, சூளையில் சுட்டார்கள். இலை எரிந்துபோனது, அதன் துளை அமைப்பு டைட்டானியம் டை ஆக்சைடாக நின்றது. இலையிலிருந்த நைட்ரஜனும் அதில் ஒட்டிக்கொண்டதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது ஏற்றது. எத்தனை நேர்த்தியான யோசனை!

துளை நிறைய இருந்தால் மட்டும் போதாது. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து தெரு, தெருவிலிருந்து சந்து என்று வழி பிரிவதுபோல அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். குழாய் கிளைக்கும்போது, தாய்க்குழாய் ஆரத்தின் முப்படி கிளை ஆரங்களுடைய முப்படிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருந்தால் ஓட்டத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்று 1926-இல் இரத்தக்குழாய்களுக்குக் கணக்குச் சொன்னவர் சிசில் மர்ரே. செடிகளின் நீர்க்குழாய்களும் இதற்கு இணங்குவது 2003-இல் தெரியவந்தது. 2017-இல் பாவோ-லியான் சூ என்பவரின் ஆய்வுக்குழு துத்தநாக ஆக்சைடில் மூன்று அளவுத் துளைகளை இந்த விதிப்படி அடுக்கி, ஒளிவினையை வேகப்படுத்தியது.

நீரைப் பிளக்கும் முயற்சி நம் பக்கத்திலும் உண்டு. தாம்பரத்தில் ரயிலேறிக் கிண்டியில் இறங்கினால் சென்னை ஐ.ஐ.டி. பக்கம்தான். அங்கே இயற்பியல் துறையின் ராமப்பிரபு சுந்தரா குழு, சூரிய மின்சாரத்தால் கடல்நீரைப் பிளக்கும் கருவியை 2023-இல் அறிவித்தது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் நீர் செலவாகும். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் புறநகர்களுக்குப் பக்கத்தில், குடிநீரைத் தொடாத இந்த வழியே நியாயமானது.

கடல்நீரின் உப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால் இந்தக் கருவியின் மின்முனைகளை உலோகத்துக்குப் பதிலாகக் கார்பன் தாங்குகிறது. இரண்டு முனைகளுக்கும் நடுவில் செல்லுலோஸ் தடுப்பு. செடியின் செல்சுவரும் செல்லுலோஸ்தான். அந்தத் தடுப்பு ஹைட்ராக்சைடு அயனிகளைக் கடக்கவிடுகிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்துவிடாமல் பெருமளவு தடுக்கிறது.