மருட்கையும் காண்போர் அயர்ச்சியும்

சூப்பர் ஹீரோ எனப்படும் பேராற்றல் வீரர் திரைப்படங்கள்பால் காண்போர்க்கு அயர்ச்சி தோன்றியுள்ளது என்பர். 2019இல் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈட்டியது, அதே நிறுவனத்தார் 2023இல் வெளியிட்ட ‘தி மார்வெல்ஸ்’ 21 கோடியையும் எட்டவில்லை. ஒரே வகைக் கதையை மீண்டும் மீண்டும் கூறுதலே இதற்குக் காரணம் எனப் பலர் கருதுவர். அக்கருத்து ஆராயத்தக்கது.

குடந்தைக்கு அணித்தேயுள்ள மெலட்டூரில், வேங்கடராம சாஸ்திரியார் தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரம், நரசிம்ம ஜயந்தியையொட்டி ஆண்டுதோறும் பாகவத மேளாவாக ஆடப்பெறுகின்றது. கதையும் முடிவும் அவையோர் அறிந்தனவே. எனினும் அவர்கள் இரவு நெடுநேரம் அமர்ந்து காண்கின்றனர். ஆதலின், மீட்டுரைத்தல் ஒன்றே அயர்ச்சிக்குக் காரணமாகாது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், மருட்கை என்னும் வியப்பிற்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன்களைக் கூறினார். அவற்றை ஈண்டுப் பொருத்திக் காண்போம். பிரகலாதன் சிறுவன், அவன்பால் சிறுமை உளது. தூணினின்று ஆளரி தோன்றுதல் ஆக்கம். அதன் பேருருவம் பெருமை. புதுமை தேய்ந்தவிடத்தும் ஏனைய மூன்றும் வியப்பைத் தாங்குகின்றன. பேராற்றல் வீரர் படங்களிற் பலவோ, பெருமை ஒன்றையே மேன்மேலும் பெருக்குகின்றன. ஒரு படத்தில் நகரம் அழியின், அடுத்த படத்தில் உலகம் அழிதல் வேண்டும்; அதன்பின் அழிதற்கு யாதுளது? அளவு மிகுந்தோறும் வியப்புக் குறைகின்றது.

ஆகவே, காண்போர் சலிப்பது வீரத்தினையன்று. சிறுமையின் துணையின்றி நிற்கும் பெருமையினையே என்பது நம் துணிபு. நம் நாட்டுப் பெரும்பொருட் படங்களுக்கும் இஃது ஒக்கும்.